சரிப்படாத கடைகள்

பழக்கமில்லாத ஓரிடத்தில் இறங்கி, இங்கே எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்று யாரையாவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் நம்மை ஒருமுறை பார்க்கிறார். அந்தப் பார்வைதான் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. காலில் கிடக்கும் செருப்பு, தோளில் தொங்கும் பை, கழுத்து அட்டை, பேச்சில் அடிக்கும் ஊர் வாடை, துணைக்கு ஆள் உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் அந்த அரை நொடிக்குள் எடைபோட்டுவிடுகிறார். பிறகு வருகிற பதில் பெரும்பாலும் அவர் சாப்பிடுகிற இடமாக இருப்பதில்லை. நமக்கு ஏற்றது என்று அவர் நினைக்கிற இடமாக இருக்கிறது. சோழிங்கநல்லூர் சந்திப்பில் ஏறிய ஆட்டோவின் ஓட்டுநர், மத்தியானம் தான் சாப்பிட்டு வந்த சங்கரா மீன் குழம்பைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். புளி எப்படி நின்றது, கடைசியில் ரசத்துக்குச் சோறு வாங்க வயிற்றில் இடமில்லாமல் போனது, எல்லாம். அந்தக் கடையிலேயே இறக்கிவிடுங்கள் என்றேன். "அது உங்களுக்குச் சரிப்படாதும்மா. ஃபுல்லா ஆம்பளைங்களா இருப்பாங்க. ஏசி ஓட்டல் ஒண்ணு இருக்கு, ஃபேமிலியெல்லாம் வருவாங்க, அங்க வுடறேன்" என்றார். அவர் குரலில் அக்கறை இருந்தது. தன் வீட்டுப் பெண் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். அதனாலேயே அந்தப் பதிலை உதறிவிடவும் முடியவில்லை, ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை. நல்ல குழம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர், அது எனக்கு வேண்டாம் என்று எனக்காக முடிவுசெய்துவிட்டார். ஏசி ஓட்டலில் எல்லாமே சுத்தமாக இருந்தது. குழம்பில் மட்டும் யாருடைய கையும் தெரியவில்லை.

ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாறியும் பழைய மகாபலிபுரம் சாலை என்றே எல்லோரும் சொல்கிற இந்தச் சாலையில், பெருங்குடியைத் தாண்டித் தெற்கே போகப்போக, கேட்பதற்கு ஆள் கிடைப்பதே கடினம். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000இல். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் துரைப்பாக்கமும் காரப்பாக்கமும் செம்மஞ்சேரியும் நாவலூரும் படூரும், வயலும் ஏரியும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்த நிலையிலிருந்து, ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிச் சுவர்களாக மாறின. கேளம்பாக்கத்தில் மட்டும் இன்னும் உப்பளம் வெள்ளையாகக் கண்ணில் படுகிறது. இங்கே டீக்கடைக்காரரிடம் விசாரித்தால் அவர் பாலக்காட்டுக்காரர். காவலாளியிடம் விசாரித்தால் அசாமிலிருந்து வந்தவர். அடுக்குமாடிக் குடியிருப்பில் எதிர்வீட்டுப் பெண் விஜயவாடாவிலிருந்து போன மாதம்தான் குடிவந்திருப்பார். ஊர்க்காரர்கள் இல்லாமல் இல்லை. மெட்ரோ வேலைக்கான தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால், அம்மன் கோயில் தெருவில் திண்ணை வைத்த வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. நிலம் வைத்திருந்தவர்கள் சாலையோரம் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். அவர்கள் வீட்டு அடுப்பில் வேகிற ஏரி விராலும் கெண்டையும், மழைக்காலத்து வயல் நண்டும், கோவளத்திலிருந்து கூடையில் வருகிற மீனும் விலைக்கு வரவே இல்லை. விலைக்கு வந்ததெல்லாம் வேறு ஊர்களின் பெயரோடு வந்தது. மதுரை, திண்டுக்கல், ஆம்பூர், விருதுநகர், நெல்லை, கும்பகோணம், செட்டிநாடு, ஹைதராபாத், தலச்சேரி என்று பலகைகள் வரிசையாகப் போகின்றன. நாவலூர்ச் சாப்பாடு என்று பெருமையாக எழுதிய ஒரு பலகையை நான் இதுவரை பார்த்ததில்லை. தன் பெயரில் ஒரு குழம்புகூட இல்லாத நிலப்பரப்பில் லட்சக்கணக்கானவர்கள் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனத்துப்போகிறது.

பலகையை நம்பி உள்ளே நுழைவது புதிய வழக்கமில்லை. கள்ளிக்குடிப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் 1930களில் காரைக்குடியில் தொடங்கிய முனியாண்டி விலாஸ், ஊர் ஊராகப் பரவியதே ஒரு பெயரின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கையால்தான். எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும், இரவு எத்தனை மணியானாலும், அந்தப் பெயரைக் கண்டால் உள்ளே என்ன கிடைக்கும், எவ்வளவு காரமாக இருக்கும், கையில் இருக்கிற பணம் போதுமா என்று லாரி ஓட்டுநருக்குத் தெரிந்துவிடும். நாளின் முதல் விற்பனைப் பணத்தைச் சாமிக்கென்று ஒதுக்கிவைத்து, தை மாதத்தில் ஊரில் கூடி, அண்டா அண்டாவாக ஆட்டுக்கறி பிரியாணி சமைத்து முனியாண்டிக்குப் படைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். கல்லாவுக்கும் கோயிலுக்கும் நடுவே இப்படியொரு கயிறு கட்டியிருந்ததால்தான் அந்தப் பெயர் அத்தனை காலம் தாங்கியது என்று நினைக்கிறேன். உடுப்பிக்காரர்களின் ஓட்டல்களுக்கும் அவர்களுக்கே உரிய ஒரு நம்பகம் இருந்தது. ஆனால் பலகைகள் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தன. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை நீடித்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957இல் பெரியார் மறியலை அறிவித்து, தொண்டர்கள் நாள்தோறும் கைதாகிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பலகையிலிருந்து சொல் போய்விட்டது. அது செய்துகொண்டிருந்த வேலை முழுக்கப் போய்விட்டதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பலகையிலிருந்து இறங்கி, வழி சொல்கிறவர் கண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதோ என்று தோன்றுகிறது.

மனிதரைக் கேட்பதில் இத்தனை சங்கடம் என்றால் கைப்பேசியைக் கேட்கலாம். அது செருப்பைப் பார்ப்பதில்லை. விடுதிக்குக் குடிவந்த புதிதில், ராத்திரி எட்டு மணிக்குமேல் தனியாக வெளியே போகத் தயங்கிய நாட்களில், படுக்கையில் சாய்ந்தபடி விரலால் தள்ளித் தள்ளிக் கடைகளைப் பார்ப்பதில் ஒரு விடுதலைகூட இருந்தது. பார்க்கப் பார்க்க அந்த விடுதலை சுருங்கிவிட்டது. நட்சத்திரம் போடுகிறவர் எப்போதாவது சாப்பிடப் போகிறவர். பிறந்த நாளுக்கோ, சனிக்கிழமை இரவுக்கோ போய்விட்டு, விளக்கு வெளிச்சத்தையும் பரிமாறியவரின் பணிவையும் சேர்த்து மதிப்பெண் போடுகிறார். தினம் சாப்பிடுகிறவர் தன் கடைக்கு நட்சத்திரம் போடுவதில்லை. மறுநாள் வருவதுதான் அவர் போடுகிற மதிப்பெண். அது எந்தத் திரையிலும் ஏறுவதில்லை. போதாக்குறைக்கு, ஒரே கொட்டகையில் எரிகிற அடுப்புகளிலிருந்து நாலு பெயர்களில் பிரியாணியும் ரொட்டியும் நூடுல்ஸும் வெளியேறுகிற கிளவுட் கிச்சன்கள் பின் தெருக்களில் நிறைந்துவிட்டன. உணவுப் பாதுகாப்புத் துறை கொடுக்கிற 14 இலக்க எண்ணைத் தேடிப் பார்த்தால் இரண்டு கடைகளுக்கு ஒரே எண் இருக்கும். அங்கே வாசலில் ஹெல்மெட்டோடு காத்துநிற்கிற பையன்களிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறேன். இந்தச் சாலையின் ஒவ்வொரு அடுப்பும் எத்தனை மணிக்குச் சூடாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சாப்பிடுவது வேறு எங்கோ. ஒரு பார்சலின் விலையில் இரண்டு வேளை முடித்துவிடுகிற இடங்களில். அந்த இடங்கள் அவர்கள் கையில் இருக்கிற வரைபடத்திலேயே இல்லை. நான் இதற்கு முன் எங்கே வாங்கினேன், எவ்வளவு கொடுத்தேன் என்பதை வைத்துத்தான் கைப்பேசியும் அடுத்ததைக் காட்டுகிறது. ஆட்டோக்காரர் அரை நொடியில் செய்ததை அது மாதக்கணக்கில் செய்கிறது. ஆட்டோக்காரரிடமாவது மறுத்துப் பேச முடிந்தது.

ஆகவே நடக்க வேண்டியிருந்தது. நடந்து பார்த்து நான் தெரிந்துகொண்டதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, பெரிய சாலையை விட்டு இரண்டாவது தெருவுக்குப் போக வேண்டும் என்பதுதான். காரணம் வாடகை. சாலையை ஒட்டிய இடத்துக்கு முன்பணமும் வாடகையும் கொடுத்துவிட்டுச் சாம்பாரில் பருப்பைத் தாராளமாகப் போட முடிகிறவர்கள் குறைவு. அங்கே தாக்குப்பிடிப்பவை பல கிளைகள் வைத்திருக்கிற பெரிய உணவகங்கள். எங்கோ ஒரு கூடத்தில் அரைத்த மசாலா எல்லாக் கிளைக்கும் ஒரே நிறத்தில் போய்ச் சேர்கிறது. பின் தெருவில், வீட்டின் கார் நிறுத்துகிற இடத்தில் நாலு மேசை போட்டு மெஸ் நடத்துகிறவருக்கு வருகிறவர்கள் தினமும் வருகிறவர்கள். நேற்றைய குழம்பைச் சூடுபண்ணி ஊற்றினால் இன்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டால் நான் தயங்காமல் உள்ளே போய்விடுவேன். மாதக் கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிற இடத்தில் எண்ணெய் மட்டாக இருக்கும். காரம் நாக்கோடு நின்றுவிடும். ரசம் அநேகமாக நன்றாக இருக்கும். அந்த வயிறு நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும் என்பது சமைக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரமும் ஒரு முகவரிதான். காலை ஆறரைக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நின்று குடிக்கிற கேழ்வரகுக் கூழும், அதன் பக்கத்தில் தட்டில் வைத்த மோர்மிளகாயும் மாங்காய்த் துண்டும் சுட்ட கருவாடும் பத்து மணிக்குப் போனால் இருக்காது. தரையில் ஓர் ஈர வட்டம் காய்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் ஏழு மணிக்குமேல் பரோட்டாக் கல்லில் கரண்டிகள் கொத்தத் தொடங்கும்போது அதே இடம் வேறு ஊராகிவிடுகிறது. சால்னாவின் சோம்பு வாசனை தெரு முனைக்கே வந்து கூப்பிடும். காற்று வடக்கிலிருந்து வீசினால் அதோடு பெருங்குடிக் குப்பைமேட்டின் புகைவாடையும் சேர்ந்து வரும். 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் கரையில்தான் அந்த மேடு இருக்கிறது. இந்த இரண்டு வாசனையும் கலந்த காற்றில்தான் இங்கே ராத்திரிச் சாப்பாடு.

நாவலூரிலிருந்து சிறுசேரிக்குப் போகிற வழியில், எழும்பிக்கொண்டிருக்கிற அடுக்குமாடிகளின் முதுகுப்புறம் தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அங்கே தங்குகிறார்கள். கொட்டகைகளுக்கு முன்னால் அவர்களில் ஒருவர் நடத்துகிற சாப்பாட்டுக்கடை. பலகை கிடையாது, கதவில் சுண்ணாம்பால் வங்காள எழுத்தில் ஒரு வரி. கடுகெண்ணெய் புகைகிற வாசனையை மோப்பம் பிடித்துத்தான் போனேன். தண்ணீராக ஓடுகிற மசூர் பருப்பு, வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் பச்சை வெங்காயமும் பச்சைமிளகாயும் கடுகெண்ணெயும் பிசைந்த ஒரு கவளம், கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பு, மலையாகச் சோறு. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "மேடம், பார்சல்?" என்றார். இந்தச் சாலையில் பெண்ணாக நான் அதிகமாகக் கேட்ட கேள்வி அது. பரோட்டாக் கடையிலும் கேட்பார்கள், பிரியாணிக் கடையிலும் கேட்பார்கள். உங்களுக்குச் சாப்பாடு உண்டு, இங்கே இடம் இல்லை என்பதை மரியாதை குறையாமல் சொல்கிற விதம். இங்கேயே சாப்பிடுகிறேன் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்தார். அதில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்கள் தட்டோடு எழுந்து, சுவரோரம் போய் நின்றபடி சாப்பிடத் தொடங்கினார்கள். உட்காருங்கள் என்று சொன்னேன், சிரித்தார்கள், உட்காரவில்லை. பகல் முழுக்கச் சாரத்தில் நின்றவர்கள். உருளைக்கிழங்கு மசியலின் காட்டமும் அந்த மீனின் மணமும் இன்றைக்கும் நாக்கில் இருக்கின்றன. அதைச் சாப்பிடுவதற்காக இரண்டு மூன்று பேர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது என்பதும் கூடவே இருக்கிறது. சரிப்படாது என்று ஆட்டோக்காரர் சொன்னது எனக்குச் சரிப்படாது என்ற பொருளில். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், நான் அவர்களுக்குச் சரிப்படுவேனா என்ற இன்னொரு பக்கம் தெரிந்தது. அதற்குப் பிறகும் அங்கே போயிருக்கிறேன். கூட்டம் கலைந்த மூன்று மணிக்குப் போவேன். மீன் தீர்ந்திருக்கும், பருப்பு இருக்கும்.

இந்தச் சாலைக்குத் தனக்கென்று ருசி இல்லை என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணகி நகருக்குள்ளும் பெரும்பாக்கத்துக்குள்ளும் போன பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை 2000 முதல் கண்ணகி நகரிலும், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியிலும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்து அடுக்குகளிலும் கொண்டுவந்து குடிவைத்தார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். இவற்றைக் கட்டிய அமைப்பு, அப்போது குடிசை மாற்று வாரியம் என்றிருந்தது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. எதிரே கண்ணாடிக் கட்டடங்களில் தரை துடைக்கிற, கழிவறை கழுவுகிற, காவல் நிற்கிற ஆட்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறார்கள். சென்னையின் நடுவிலிருந்து மனிதர்களை அள்ளிக்கொண்டு வந்தபோது அவர்களோடு சமையலும் வந்துவிட்டது. சைதாப்பேட்டை வடகறியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும்: ஊறவைத்த கடலைப்பருப்பைக் கரகரப்பாக அரைத்து, வேகவைத்து உதிர்த்து, பட்டையும் சோம்பும் மணக்கிற மசாலாவில் கொதிக்கவிடுவது. அடையாற்றங்கரை வீட்டை இடித்த பிறகு பெரும்பாக்கத்துக்கு வந்த ஓர் அம்மா, தன் பிளாக்கின் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு, விடிகாலை ஐந்தரையிலிருந்து இட்லியும் ஆப்பமும் வடகறியும் விற்கிறார். அந்த வடகறிக்கு ஈடாக நான் இந்தச் சாலையில் எங்கேயும் சாப்பிட்டதில்லை. பருப்பு முழுக்கக் கரைந்தும் போகாமல், உருண்டையாகவும் நிற்காமல், ஆப்பத்தின் ஓட்டைகளுக்குள் இறங்கும் பதம் அவருக்குக் கைவந்திருக்கிறது. வெளிச்சம் வருவதற்கு முன்பே நீலச் சேலைச் சீருடையில் பெண்கள் வந்து நின்று, இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். தனியாக ஒரு பெண் நின்று சாப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் இந்தச் சாலையில் அதுதான். பார்சலா என்று அங்கே யாரும் கேட்டதில்லை. சாயங்காலம் அதே தெருக்களில் மாட்டுக்கறி பிரியாணியும் சுக்காவும் வறுத்த போட்டியும் வந்துவிடும். விளக்கு வைத்த நேரத்தில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகிற அந்தப் பிரியாணியைப் பற்றி, எதிர்ப்பக்க அலுவலகங்களில் உணவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் யாரும் எனக்குச் சொன்னதில்லை. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றானதும் எதிர்ப்பு எழுந்து, விழாவே தள்ளிவைக்கப்பட்டது நினைவிருக்கலாம். பிரியாணிக்குப் பெயர்போன ஊரிலேயே மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லாமல் போகுமென்றால், பெயரே இல்லாத பெரும்பாக்கத்துப் படிக்கட்டைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

நான் பேசலாமா என்பது வேறு கேள்வி. லாஸ் ஏஞ்சலிஸின் விரிந்து கிடக்கிற புறநகர்களை இப்படிச் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டு எழுதியவர் ஜொனாதன் கோல்ட். பீக்கோ பூல்வார்டு என்ற நீண்ட சாலையின் உணவகங்களை ஒன்றுவிடாமல் சாப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று இளமையில் கிளம்பியவர். உணவு விமர்சனத்துக்காக 2007இல் முதன்முதலாகப் புலிட்சர் பரிசு பெற்றவரும் அவரே. குடியேறியவர்களின் சின்னச் சின்னக் கடைகளை, பெரிய உணவகங்களுக்குக் கொடுக்கிற அதே கவனத்தோடு எழுதினார். அவரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பொங்கும். நம் சாலைகளைப் பற்றி யாராவது இப்படி எழுத வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர் எழுதிய கடைகளுக்குக் கதவும் எண்ணும் இருந்தன. படிக்கட்டுக்குக் கீழே போட்ட மேசையைப் பற்றி எழுதினால் என்ன ஆகும் என்று யோசிக்கும்போது உற்சாகம் தயக்கமாகிவிடுகிறது. படம் எடுக்க வருவார்கள். கார் நிறுத்த இடமில்லாமல் தெருவை அடைப்பார்கள். நாற்பது ரூபாய்ச் சாப்பாடு அறுபதாகும், பிறகு எண்பதாகும். ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடுகிற பெண்ணுக்கு இட்லி கிடைக்காமல் போகும். பின் தெருவில் அருமையாக இருந்த ஒரு மெஸ் ஒரு காணொளிக்குப் பிறகு என்ன ஆனது என்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்கு நோட்டு ஆணியிலிருந்து இறங்கிவிட்டது. ரசத்தில் புளியும் தண்ணீரும் தனித்தனியாகத் தெரிந்தன. ஆகவே நல்ல இடங்களைச் சொல்லாமல் இருப்பதே அவற்றுக்குச் செய்கிற மரியாதை என்று எனக்குள் ஒரு முடிவு உருவாகிக்கொண்டிருந்தது. அது சரிதானா என்று அந்த அம்மாவிடமே கேட்டுவிடத் தோன்றியது.

ஒருநாள் கூட்டம் குறைந்த பிறகு கேட்டேன். "எழுதேன். நாலு பேரு கூட வரட்டுமே. கிரைண்டருக்கு வாங்குன குழுக் கடன் இன்னும் முடியல" என்றார். தினமும் வருகிற பெண்களுக்குக் கிடைக்காமல் போய்விடாதா என்றேன். ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டே, "அதுங்களுக்கு எடுத்து வச்சிட மாட்டேனா? பஸ்ஸுக்கு ஓடுற புள்ளைங்க" என்றார். நான் காக்க நினைத்தது அவர் காக்கச் சொல்லிக் கேட்காத ஒன்று என்று புரிந்தது. கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். அவருடைய கவலை வேறு இடத்தில் இருந்தது. "பிளாக் நம்பர மட்டும் போட்றாதம்மா. பேப்பர்ல வந்தா ஆபீசருங்களும் படிப்பாங்க. ஒரு தபா மேசையத் தூக்கி வண்டியில போட்டுனு பூட்டாங்க. வாயால சொல்லு, வரட்டும்." சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கிற சட்டம் 2014இல் வந்துவிட்டது. கணக்கெடுப்பு, விற்பனைக் குழு, சான்றிதழ் எல்லாம் அதில் இருக்கின்றன. அவரிடம் சான்றிதழ் இல்லை. சாப்பாட்டைத் தேடுகிறவர் பார்க்கிற அதே வரைபடத்தை மேசையைத் தூக்குகிறவரும் பார்க்கிறார் என்பதை அவர் தெளிவாக அறிந்திருக்கிறார். கைப்பேசியில் அவர் கடை இல்லாததற்கு, அவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் காரணம் என்று நான் எண்ணியிருந்தேன்; அவரே விலகி நின்றிருக்கிறார்.

ஆகவே இந்தப் பக்கத்தில் அந்தப் பிளாக் எண் இல்லை. விடுதிக்குப் புதிதாக வருகிற பெண்கள் கேட்டால் சொல்கிறேன். எந்த பஸ்ஸில் ஏறுவது, எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது, சில்லறை கொண்டுபோக வேண்டும் என்பது, எல்லாம். சிலர் இடத்தின் பெயரைக் கேட்டதுமே தயங்கிவிடுகிறார்கள்; அவர்களை வற்புறுத்துவதில்லை, ஆனால் அடுத்த வாரம் மறுபடியும் சொல்லிப் பார்க்கிறேன். போனவர்களில் சிலர் எட்டரை மணிக்குப் போய், மாவு தீர்ந்துவிட்டது என்று திரும்பி வந்தார்கள். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வடகறி கிடையாது. அன்றைக்கு ஆட்டுக்கால் பாயா.